மோட்டர் தருமுன் கிணற்றைப் பாருங்கள்

எமது கிராமங்களுக்கு உதவி செய்ய வருவோர் பெரும்பாலும் கையில் ஒரு பட்டியலுடனேயே வருகின்றனர். நீரிறைக்கும் இயந்திரம், மருந்து தெளிகருவி, தூவல் நீர்ப்பாசனத் தொகுதி, இரு சில்லு உழவு இயந்திரம், அண்மைக் காலமாகச் சூரிய மின்பம்பி. “இவற்றுள் உங்களுக்கு எது தேவை?” என்று கூட்டத்தில் கேட்கப்படுகின்றது. கேட்பவர் நல்ல மனத்துடனேயே கேட்கிறார். பதில் சொல்பவரும் பொய் சொல்வதில்லை. ஆயினும் இந்தக் கேள்வியில் ஒரு குறை உண்டு. உங்களுக்கு என்ன இடர் என்று அது கேட்கவில்லை. எங்களிடமுள்ள மருந்துகளில் எதைக் குடிக்கிறீர்கள் என்றே கேட்கிறது.

இடம்பெயர்ந்து வாழ்ந்த எம்மக்களுக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் பல ஆண்டுகள் இருந்தவர்கள் ஒரு பாடத்தை நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்கள். தருவதை வாங்கு, வேண்டாம் என்றால் அடுத்த பதிவில் உன் பெயர் இராது. ஆகவே “மோட்டர் வேண்டும்” என்ற குரல் கூட்டத்தில் எழும்போது, அது தேவையின் குரலா, பட்டியலைப் பார்த்து எழுந்த குரலா என்று பிரித்தறிவது கடினம். “மக்கள் கேட்டதைத்தான் கொடுத்தோம்” என்று பின்னர் அறிக்கையில் எழுதுவது எளிது. ‘பயனாளி’ என்ற சொல்லே எமக்கு அவ்வளவு உவப்பானதாக இல்லை. காசு கொடுத்து வாங்குபவன் பொருள் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுப்பான், கடைக்காரனோடு வாதாடுவான். பயனாளிக்கு அந்த உரிமை இல்லை. அதனாலேயே அவரிடம் இரு மடங்கு கவனமாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

வலிகாமத்துத் தோட்டக் காணியொன்றை எடுத்துக்கொள்வோம். கோடையில் நீர் போதவில்லை, பெரிய மோட்டர் வேண்டும் என்கிறார் கமக்காரர். ஏன் போதவில்லை? பாத்தி முழுவதும் பாய்வதற்கு முன் கிணற்று நீர் அடிமட்டத்துக்குப் போய்விடுகிறது. அப்படியாயின் பெரிய மோட்டர் என்ன செய்யும்? அதே நீரை இன்னும் விரைவாக வற்றச் செய்யும். சில கிணறுகளில் அதற்குமேலும் நடக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடே இறங்கித் தங்கும் நன்னீரே எமது முதல். அந்த நன்னீர், பாரம் கூடிய உவர் நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீர் ஆய்வாளர் நெடுங்காலமாகக் கூறும் கணக்கு. அதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் நெஞ்சு பகீர் என்னும். மேலே ஓர் அடியை இறைத்துத் தீர்த்தால் கீழிருந்து உவர் 40 அடி எழும்புவதற்கு வழி திறக்கிறது. கணக்குச் சொல்லும் அளவுக்கு அப்படியே ஒரே நாளில் நடந்துவிடுவதில்லை. ஆனால் போக்கு அதுதான். கடலோரத்தில் உவர்பட்டுப் பாழான கிணறுகளைப் பார்த்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனித உடம்பே கட்டுப்பாடாக இருந்தது. களைத்தால் நிறுத்துவார்கள், அதற்குள் கிணறும் ஊறிவிடும். 1950களிலும் 1960களிலும் இயந்திரங்கள் பரவியபோது அந்தக் கட்டுப்பாடு போய், மண்ணெண்ணெய்ச் செலவு அதன் இடத்தைப் பிடித்தது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் இல்லாமல் இயந்திரங்கள் மூலையில் கிடந்ததை நாம் அறிவோம். 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாவானபோதும் பல தோட்டங்கள் வாடின. அந்த அடியின் பின்னரே சூரிய மின்பம்பி என்ற பேச்சு ஊரெங்கும் பரவியது. எண்ணெய்ச் செலவு இல்லை என்பது அதன் பெரிய சிறப்பு, மறுக்க முடியாது. ஆனால் எண்ணெய்ச் செலவு இல்லை என்றால் இறைப்பை நிறுத்துவதற்குக் காரணமும் இல்லை. வெயில் அடிக்கும் வரை பம்பி இழுக்கும். ஊற்று நல்லதாய், கடலுக்குத் தொலைவிலுள்ள கிணற்றுக்கு அது வரப்பிரசாதம். உவர் விளிம்பில் நிற்கும் கிணற்றுக்கோ அதுவே எமன் ஆகலாம். ஒரே கருவி, இரு கிணறுகள், இரு வேறு முடிவுகள். பட்டியலில் இந்த வேறுபாடு தெரியாது. கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தால் தெரியும்.

நீர்தான் இடர் என்று சொல்லப்படும் இடங்களில் எத்தனை வேறு இடர்கள் மறைந்திருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். போரின் பின் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் எம்மிடையே பல. அப்படியொரு தாயிடம் மண்ணெண்ணெய் மோட்டர் ஏற்கனவே இருக்கும். இருந்தும் இறைப்பு ஒழுங்காக நடக்காது. விசாரித்தால், கயிறு இழுத்து மோட்டரை இயக்க அவரால் முடிவதில்லை, ஒவ்வொரு முறையும் அயல் வீட்டுப் பையனைக் கெஞ்ச வேண்டும். களவுக்குப் பயந்து மோட்டரைத் தோட்டத்தில் விடவும் முடியாது. தூக்கிக் கொண்டுபோய்த் தூக்கிக் கொண்டுவர வேண்டும். இவருக்கு இன்னும் பெரிய மோட்டர் கொடுத்தால் பாரம்தான் கூடும். கிணற்றடியில் பூட்டுப் போட்ட சிறு கொட்டிலும், மின்சாரம் அருகில் இருந்தால் ஆளி போட்டால் இயங்கும் சிறிய மின்மோட்டருமே இவர் கேட்காமல் கேட்பவை. மின்இணைப்பு எடுக்கக் காணிப் பத்திரம் கேட்பார்கள். பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்திருக்கும். அப்படியானால் உண்மையான இடர் மோட்டரும் அன்று, மின்சாரமும் அன்று. உறுதிப் பிரதி எடுக்க யார் உதவுவது என்பதே இடர். நீரிறைக்கும் இயந்திரத் திட்டத்தில் அதற்கு நிதி ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

காணி பற்றிய பேச்சு வந்ததால் இன்னொன்று. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுந்து வந்தவர்களில் ஒரு பகுதியினரின் காணிகள் இன்னமும் விடுவிக்கப்படவில்லை. அவர்கள் பிறர் காணியில் ஆண்டுக் குத்தகைக்குத் தோட்டம் செய்கிறார்கள். அவர்களுக்கு நிலத்தில் புதைத்த குழாய்களையும் கொங்கிறீற்றில் பதித்த தாங்கியையும் கொடுப்பது எவ்வளவு பொருத்தமற்றது! அடுத்த வருடம் காணிக்காரர் குத்தகையைக் கூட்டுவார், அல்லது தானே செய்யப் போகிறேன் என்பார். உதவி காணிக்காரருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். குத்தகைக்காரருக்கு வேண்டியது சுருட்டி எடுத்துக்கொண்டு போகக்கூடிய குழாய், சைக்கிளில் கட்டக்கூடிய கருவி. இன்னும் சிறந்தது, மூன்று நான்கு ஆண்டுகளுக்கான எழுத்துக் குத்தகை ஒன்றுக்கு நடுநிலையாளர் எவராவது கூட இருந்து பேசிக்கொடுப்பது. அது தொழில்நுட்பம் அன்று என்று சிலர் முகம் சுளிக்கலாம்.

இனி ஒரு கணக்கு. இது எந்தக் குடும்பத்தினதும் கணக்கன்று, விளங்கிக்கொள்வதற்காக நாம் போட்டுப் பார்த்தது. நான்கு பரப்பில் சின்ன வெங்காயம் நட்டவர் 20 தடவை இறைக்கிறார், தடவைக்கு 2 லீற்றர் மண்ணெண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். 2022 ஆகஸ்ட் விலையான 340 ரூபாவையே போட்டாலும் 40 லீற்றருக்கு 13,600 ரூபா. ஆயிரம் கிலோ விளைந்தது. கிலோ 150 ரூபா. சந்தைக்குக் கொண்டுபோகிறார். எமது சந்தைகளில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ ‘கழிவு’ என்று வெட்டும் வழக்கம் எல்லோரும் அறிந்ததே. ஆயிரம் கிலோவில் நூறு கிலோ போனது, 15,000 ரூபா. எண்ணெய் முழுவதையும் இலவசமாகக் கொடுத்தாலும், தராசடியில் போனதை அது ஈடு செய்யாது. அந்தக் குடும்பத்தின் உண்மையான இடர் கிணற்றடியிலா, தராசடியிலா? கழிவை ஒழிக்கப் பல தடவை பேச்சுகள் நடந்தன, அறிவித்தல்களும் வந்தன. ஒரு தோட்டக்காரர் தனியே நின்று “கழிவு தரமாட்டேன்” என்றால் அவருடைய மூட்டை மாலை வரை அங்கேயே கிடக்கும். பத்துப்பேர் சேர்ந்து நின்றால் நிலைமை வேறு. இதற்கு எந்தக் கப்பலில் எந்த இயந்திரம் வந்து இறங்க வேண்டும்?

நெல்லிலும் இதே கதைதான். வன்னியில் வெட்டும் இயந்திரம் வந்தபின் அறுவடை ஒரு நாளில் முடிகிறது, நல்லது. ஆனால் முன்பு சூட்டில் கிடந்து காய்ந்த நெல் இப்போது ஈரத்துடனேயே மூட்டைக்குள் போகிறது. நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்பது நூற்றுக்கு 14 ஈரப்பதம். ஈர நெல்லைத் தனியார் குறைத்துத்தான் எடுப்பார்கள். எல்லோரும் களஞ்சியம் வேண்டும் என்கிறார்கள். காயாத நெல்லைக் களஞ்சியத்தில் அடுக்கினால் பூஞ்சணம் பிடிக்கும். வீதியோரம் நெல் பரப்பிக் காவலிருப்பவரிடம் ஒரு நிமிடம் நின்று கேட்டால், அவருக்கு முதலில் வேண்டியது சீமெந்துத் தளமும் நல்ல படங்கும் என்று தெரியவரும்.

இப்படி நடப்பது எமது ஊரில் மட்டுமன்று. கென்யாவின் வடக்கே துர்க்கானா ஏரி இருக்கிறது. அங்குள்ள மக்கள் ஆடு, மாடு, ஒட்டகம் மேய்ப்பவர்கள். வறட்சியில் கால்நடைகள் சாகின்றன, ஏரியிலோ மீன் இருக்கிறது, ஆகவே மீனைக் குளிரூட்டி விற்கலாம் என்று நோர்வே நாட்டின் உதவியுடன் 1980களின் தொடக்கத்தில் ஒரு குளிரூட்டும் ஆலை கட்டி முடிக்கப்பட்டது. சில நாட்களே அது இயங்கியது. அந்த வெக்கையில் மீனை உறைய வைக்க ஆகும் மின்சாரச் செலவும், தேவையான சுத்தமான நீரும் அந்த இடத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. மந்தையை மீண்டும் சேர்ப்பதே அம்மக்களின் கவலையாக இருந்தது. மீன்பிடி அவர்களிடையே மந்தை இழந்தவன் வேறு வழியின்றிச் செய்யும் தொழில்.

தென்னாபிரிக்காவில் பிள்ளைகள் ஏறிச் சுற்றும் இராட்டினத்தைக் கொண்டு நிலத்தடி நீரை இறைக்கும் ஒரு பம்பி வந்தது. பார்ப்பதற்கு எவ்வளவு அழகு, பிள்ளை விளையாட, தாய்க்கு நீர் கிடைக்கும்! 2006இல் அமெரிக்காவில் 1 கோடி 64 இலட்சம் டொலர் அதற்கு அறிவிக்கப்பட்டது. 2010க்குள் 4,000 பம்பிகள் என்பது இலக்கு. ஒன்றின் விலை ஏறத்தாழ 14,000 டொலர். சாதாரணக் கைப்பம்பிகள் பலவற்றை அந்தக் காசுக்கு வாங்கலாம். 2009இல் பிரித்தானியாவின் ‘கார்டியன்’ பத்திரிகை கணக்குப் போட்டுப் பார்த்தது. சொல்லப்பட்ட இலக்குப்படி நீர் கொடுப்பதாயின் பிள்ளைகள் நாளுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும்! நாளுக்கு 24 மணி நேரம்தானே இருக்கிறது. பிள்ளைகள் இல்லாத வேளையில் வயது போன பெண்கள் அந்தச் சில்லைக் குனிந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் முன்பே ஒரு சொல் கேட்டிருக்கலாம்.

எம் நாட்டுக்குத் திரும்பி வந்தால், 2011 இறுதியில் மரக்கறிகளைப் பிளாத்திக்குப் பெட்டிகளிலேயே ஏற்ற வேண்டும் என்று அரசு கட்டளையிட்டது. சாக்கில் அடைத்த மரக்கறி நசிந்து பெருமளவு வீணாகிறது என்பது உண்மை. ஆனால் வியாபாரி சாக்கைத் தேர்ந்தது அறியாமையால் அன்று. லொறியில் சாக்கு கூடுதலாக ஏறும், வெறும் சாக்கைச் சுருட்டித் திருப்பி அனுப்பலாம். வெறும் பெட்டியோ நிறைந்த பெட்டியின் இடத்தையே பிடிக்கும். தம்புள்ளையில் எதிர்ப்புக் கிளம்பியது, கட்டளை தளர்த்தப்பட்டது. பெட்டி நல்லது. வெறும் பெட்டியின் திரும்பும் பயணச் செலவு யாருடையது என்ற கேள்வி மட்டும் கேட்கப்படவில்லை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாகத் தடை செய்யப்பட்டு நவம்பரில் தடை நீக்கப்பட்ட கதையை இங்கே விரிக்க வேண்டியதில்லை. அந்தப் பெரும்போகத்தின் காயம் இன்னும் பலருக்கு ஆறவில்லை.

கேட்டு அறிந்து செய்த வேலைகளும் உண்டு. பங்களாதேசின் வடக்கே ரங்பூர், தினாஜ்பூர்ப் பகுதிகளில் உலக லுத்தரன் சம்மேளனத்தின் கிராமப் பணியில் 1970களின் இறுதியில் குன்னார் பார்ன்ஸ் என்ற நோர்வே நாட்டவர் இருந்தார். அங்கே அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருக்கும் ஏழைக் கமக்காரர் கோடையில் வேலையின்றி இருந்தார்கள். நிலத்தடி நீர் சில அடிகளிலேயே இருந்தது. டீசல் இயந்திரம் வாங்க அவர்களுக்கு வக்கில்லை, அந்தச் சிறு துண்டுக்கு அது தேவையும் இல்லை. கையில் இருந்தது கால் பலமும் நேரமும். அதற்கேற்ப மூங்கிலும் இரண்டு உருளைகளும் கொண்ட மிதிபம்பி உருவானது. ஊர்ப் பட்டறையில் செய்யலாம், ஊர் ஆளே திருத்தலாம். இலவசமாகக் கொடுக்காமல் மலிவாக விற்றார்கள். பின்னர் வேறு அமைப்புகளும் சேர்ந்து பரப்ப, பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையாயின. காசு கொடுத்து வாங்கினார்கள் என்பதிலேயே தேவை சரியாக அறியப்பட்டதென்பது தெரிகிறது. துலா மிதித்த பரம்பரையினரான எமக்கு அந்தப் பம்பி அந்நியமாகவும் தோன்றாது.

அதற்காக அதை அப்படியே இங்கே இறக்கிவிடலாம் என்று எவரும் புறப்பட வேண்டாம். உறிஞ்சி இழுக்கும் பம்பி எதுவும் ஏறத்தாழ 7 மீற்றர் ஆழத்துக்குமேல் இழுக்காது. எமது கிணறுகளில் கோடையில் அதற்குக் கீழே போவனவும் உண்டு. அங்கே மலிந்திருந்த ஆட்பலம் இங்கே இல்லை. எமது இளைஞர் பலர் கடல் கடந்துவிட்டனர், மிச்சமிருப்போர் கட்டட வேலைக்குப் போகின்றனர். அறுபது வயதுக் கமக்காரரை மூன்று மணி நேரம் மிதிக்கச் சொல்வது நியாயமா?

கடன் பற்றியும் ஒரு சொல். இலவசமாக வந்த தவறான கருவி வளவில் துருப்பிடிக்கும், அவ்வளவுதான். கடனுக்கு எடுத்த தவறான கருவி வீட்டையே அரிக்கும். லீசிங்கில் இரு சில்லு இயந்திரம் எடுத்தவர் தன் இரண்டு ஏக்கரை உழுது அந்தத் தவணையைக் கட்ட முடியாது. பிறர் வயலை உழுது கூலி பெற்றால்தான் கட்டலாம். ஊரில் ஏற்கனவே ஐந்து இயந்திரங்கள் நின்றால் ஆறாவதுக்கு வயல் எங்கே? இதை இயந்திரம் விற்பவர் சொல்லமாட்டார். கிழமைக் கடனால் எமது பெண்கள் பட்ட துயரம் 2018இல் அரசே ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களில் ஒரு பகுதியைப் பொறுப்பேற்க வேண்டிய அளவுக்குப் போனதை மறந்துவிட வேண்டாம்.

ஆகவே, வாசகர்களாகிய நீங்களும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை பட்டியலோடு எவராவது வருமுன், பிள்ளையின் பழைய கொப்பியொன்றை எடுங்கள். ஒரு போகத்துக்கு மட்டும் எழுதிப் பாருங்கள். எந்தத் திகதியில் இறைத்தீர்கள், எத்தனை மணி நேரம், எவ்வளவு எண்ணெய், கிணற்று நீர் எத்தனையாவது கல்லில் நின்றது, அடுத்த நாள் காலை எவ்வளவு ஊறியிருந்தது. கிணற்றுச் சுவரில் சுண்ணாம்பால் கோடு கீறிவிட்டால் அளப்பது எளிது. இறைத்து முடியும் நேரத்து நீரை நாக்கில் வைத்துப் பாருங்கள், தொடக்கத்து நீரிலும் கரிப்புக் கூடினால் குறித்து வையுங்கள், விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி நீரைப் பரிசோதிக்கக் கேளுங்கள். சந்தையில் எத்தனை கிலோ கொண்டுபோனீர்கள், எத்தனை கிலோவுக்குக் காசு வந்தது என்பதையும் எழுதுங்கள். கூலிக்கு ஆள் கிடைக்காமல் எந்த வேலை எத்தனை நாள் பிந்தியது என்பதையும் எழுதுங்கள். எழுதுவது வீட்டில் யார் உண்மையில் அந்த வேலையைச் செய்கிறாரோ அவராக இருக்கட்டும். களை பிடுங்குபவரும் நீர் மாறுபவரும் பெரும்பாலும் மனைவியும் மகளுமே, கூட்டத்துக்குப் போய்ப் பேசுபவர்தான் கணவர்.

உதவி அமைப்புகளில் பணியாற்றும் எமது சகோதர சகோதரிகளிடமும் ஒரு கோரிக்கை உண்டு. திட்ட முன்மொழிவை எழுதுமுன் இரண்டு போகம் காத்திருக்க உங்கள் தலைமையகம் விடாது என்பதை அறிவோம். நிதி ஆண்டு முடிவதற்குள் செலவு காட்ட வேண்டும். ஆனால் ஒரு கிழமையாவது தரலாம். கூட்டத்தைப் பொது மண்டபத்தில் காலை பத்து மணிக்கு வைக்காமல், பின்னேரம் நீர் பாய்ச்சும் வேளையில் கிணற்றடியில் வையுங்கள். பட்டியலை வாகனத்திலேயே விட்டுவிட்டு இறங்குங்கள். அங்கே துலாக் கால் இன்னும் நின்றால், அதை ஏன் கைவிட்டார்கள் என்று கேளுங்கள். முன்பு கொடுக்கப்பட்டு இப்போது கொட்டிலில் கிடக்கும் இயந்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அது எந்தப் பாகம் உடைந்து நின்றது, அந்தப் பாகம் எந்த நகரத்தில் கிடைக்கும், போய்வர பஸ் செலவு எவ்வளவு, அதைப் பூட்டத் தெரிந்தவர் ஊரில் யார் என்று விசாரியுங்கள். குடும்பத் தலைவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கையில், பின்னால் வாய்க்கால் கட்டிக்கொண்டு நிற்கும் பெண்ணிடமும் ஒரு தடவை திரும்புங்கள்.